வசந்தாமணி அக்காவின் லேபிள் பிரிண்டர்

ஃபிரிஸ்கோவில் வசந்தாமணி அக்கா வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். மற்றவர்களுக்கு அவர் ஆன்ட்டி. என்னிடம் மட்டும் முதல் நாளே, அக்கா என்று கூப்பிட்டால் போதும், அதற்குள் வயசாக்கிவிடாதே என்று சொல்லிவிட்டார். கோபிச்செட்டிபாளையத்தில் பாலிடெக்னிக்கில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணமாகி வந்தபின் விசா வேலைக்கு இடம் தரவில்லை. வருஷக்கணக்காகக் கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் அரைத்து, போகிற வீட்டுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். கிரீன் கார்டு வந்த பிறகுதான் விற்றுப் பார்க்கலாம் என்ற தைரியம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய முதல் கடை. வாரச் சந்தையில் ஒரு மேசை, அவ்வளவுதான். சந்தை நடத்தும் பெண்மணி கண்டிப்பானவர். என்ன சேர்த்தது, என்றைக்குச் செய்தது என்ற லேபிள் இல்லாத பாட்டில் மேசைக்கு வரக்கூடாது. நேரத்துக்கு வராவிட்டால் மேசை வேறொருவருக்குப் போய்விடும்.

முந்தின நாள் அரைத்த பொடியை விற்க அக்காவுக்கு மனசு வராது. விடியும் முன்னே வறுத்து அரைத்து ஆறவைத்து, அன்றைய தேதியோடு லேபிள் அடிக்க உட்கார்ந்தார். பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பியது. லேப்டாப் புதுசு. அதோடு ஒத்துப்போக, பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும் என்றது கம்பெனியின் இணையதளம். கேபிள் மாட்டி லேப்டாப்பிலிருந்து அனுப்ப வேண்டும். முடியும்வரை பிரிண்டர் அணையக்கூடாது.

எனக்கு இதெல்லாம் தெரியாதே என்றேன்.

"எனக்குந்தான் தெரியாது. ரெண்டு பேராப் பயந்துக்கலாம், உக்காரு தம்பி."

திரையில் நீலக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நிற்கும்போதெல்லாம் அக்கா துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றினார்.

அவர் கணவர் கிட்டுசாமி காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரில் மின்னழுத்தம் எகிறி டிவி புகைந்ததிலிருந்து, எல்லாவற்றையும் அணைக்காமல் அவர் வாசல் தாண்டியதில்லை. இங்கே பிளக் பாயிண்டுக்கு சுவிட்ச் கிடையாது என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. அதற்காகவே அறைக்கு அறை சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டிருந்தார். கடைசிப் பெட்டியைத் தூக்கியவர், போகிற போக்கில் மேசைக்கடியில் கால் கட்டைவிரலை நீட்டினார். நான் வாயெடுப்பதற்குள் டக்கென்றது.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் இருண்டுவிட்டது. மறுபடி போட்டால் ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டியது.

அக்கா கத்தவில்லை. "ஏனுங்க, வூட்டக் காப்பாத்தீட்டீங்களா?" என்றார்.

கிட்டுசாமி பெட்டியோடு அப்படியே நின்றார். டிவி மாதிரி ஆகிவிடக்கூடாது என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பெட்டியைக் கீழே வைத்தார்.

பாதியில் நின்றால் என்ன செய்வது என்று அதே இணையதளப் பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. பிரிண்டரை அணைத்து, தாள் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே போட வேண்டும். விளக்கு சிமிட்டாமல் நின்றால் மறுபடி அனுப்பலாம். அக்கா வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தார். முதல் தடவை சிமிட்டல் நிற்கவில்லை. அடுத்த தடவை நின்றது.

"நீங்க அங்கயே உக்காருங்க. நாஞ் சொல்ற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

கிட்டுசாமி தரையில் உட்கார்ந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து ஊர்ந்தது. ஏசி ஓடத் தொடங்கி அறை விளக்கு ஒரு கணம் மங்கியபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கோடு நிற்கவில்லை. கடைசியில் பிரிண்டர் தானே அணைந்து, தானே எழுந்து, எழுத்தோடு ஒரு லேபிளை நீட்டியது. மீதியை அடித்து, சுருளோடு காருக்கு ஓடினோம்.

டோல் ரோட்டில் கிட்டுசாமி ஓட்ட, பின்சீட்டில் நானும் அக்காவும் பாட்டில்களில் லேபிள் ஒட்டிக்கொண்டே வந்தோம். லேன் மாறும்போதெல்லாம் லேபிள் கோணிக்கொண்டு போனது. ஒழுங்கா ஓட்டுங்க என்று சொல்லவும் அக்காவுக்கு நேரமில்லை.

நாங்கள் போனபோது சந்தைப் பெண்மணி எங்கள் மேசையைப் பாதி மடக்கியிருந்தார். அக்கா மூச்சு வாங்க ஒரு பாட்டிலை நீட்டினார். லேபிள் நன்றாகச் சாய்ந்திருந்தது. அவரும் தலையை அதே பக்கம் சாய்த்து, கடைசி வரிவரை படித்தார். பிறகு மேசையை நிமிர்த்தி, பாட்டிலை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அக்கா மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். முதல் ஆள் வந்து விலை கேட்கும்வரை விடவேயில்லை.