கையைப் பிடித்துக்கொள்ள வந்த ஜெனிஷா

ஒரு நாள், இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்த என் மகள் அஸ்வினியை மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தோம். பிரசவத் துணைக்கு நாங்கள் அமர்த்தியிருந்த ஜெனிஷாவும் எங்களோடு வந்திருந்தாள். பக்கத்து அறையில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவதும் பெண் பிள்ளையாகப் பிறந்திருந்தது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் மிட்டாய் இல்லை.

ஜெனிஷா "இந்தா வாரேன்" என்று கீழே இறங்கிப் போனாள். மிட்டாய்ப் பெட்டியோடு திரும்பி வந்து நர்சுகளுக்கும், கூட்டுகிற அம்மாவுக்கும், லிஃப்ட்காரருக்கும் கொடுத்தாள். "அந்த ரூம்ல மகாலட்சுமி பிறந்திருக்கு. அவங்க வீட்டுல குடுக்கச் சொன்னாங்க" என்றாள். வாங்கினவர்கள் எல்லாரும் உள்ளே போய் அந்தப் பெண்ணை வாழ்த்திவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். மிட்டாய் யார் வாங்கியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்தேன். மேலே இருக்கிற முருகனும் பார்த்திருப்பான்.

ஜெனிஷா ஆனையூர்க்காரி. ஒரு மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவள். தன் தலைப்பிரசவத்தில் தனியாகக் கிடந்தாளாம். யாரையும் உள்ளே விடவில்லை. பேர் தெரியாத ஓர் ஆயாதான் கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கையை அவளால் மறக்க முடியவில்லை. பிறகு முறையாகப் படித்து, டீச்சர் வேலையை விட்டு, டூலா ஆகிவிட்டாள்.

டூலா வேண்டும் என்று அஸ்வினி முதலில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பாண்டிராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டூலான்னா மருத்துவச்சியா?"

"இல்லப்பா. பிரசவம் டாக்டர்தான் பாப்பாங்க. இவங்க கூடவே இருந்து தைரியம் சொல்லுவாங்க, கையப் பிடிச்சுக்கிருவாங்க. பிள்ளை பிறந்த பிறகும் வீட்டுக்கு வந்து பாப்பாங்க."

"கையப் பிடிக்க ஒரு ஆளா? ஏன், நான் இல்லையா?"

"போன தடவை ஊசியப் பாத்தே மயங்கி விழுந்தீங்களேப்பா. உங்களத்தான் எல்லாரும் பிடிச்சாங்க!"

அதோடு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அஸ்வினி டூலா கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கம் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முதல் பிள்ளை பிறந்ததும் என் மருமகன் குருபிரசாத்தின் பெரியப்பா நல்லகாமன் வராந்தாவிலேயே சேனை வைத்தார். பிறகு பிள்ளை கைக்குக் கை மாறிப் போனது. தாயிடம் வந்தபோது அசந்து தூங்கிவிட்டது. அப்புறம் மார்பில் வாயே வைக்கவில்லை. டப்பாப் பால்தான். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தாள். என் மகள்தான் உள்ளுக்குள் உடைந்து போனாள்.

இந்தத் தடவை அவளுக்கு ஒரே ஆசை. பிள்ளை பிறந்ததும் நேராகத் தன் நெஞ்சுக்கு வர வேண்டும், வேறு வாய்ச்சுவை எதுவும் முந்தக் கூடாது. ஆனால் நல்லகாமன் அண்ணனிடம் அதை யார் சொல்வது? தகப்பன் இல்லாத குருபிரசாத்தை வளர்த்து ஆளாக்கியவர் அவர். மனம் கோணினால் வாசல்படி மிதிக்க மாட்டார்.

"பெரிய மாமாவ என்னக்கா செய்யிறது?" என்று அஸ்வினி கேட்டாள்.

"பாப்போம். நான் சண்டை போடவா வாரேன்?" என்றாள் ஜெனிஷா.

பெரிய நீலப் பந்து ஒன்றைக் காற்றோடு ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டுதான் ஆனையூரிலிருந்து வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். சிக்னலில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்களாம். அந்தப் பந்தில் அஸ்வினியை உட்கார வைத்து இடுப்பை அசைக்கச் சொல்லிக் கொடுப்பாள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையும் கொடுத்துவிடுவாள். குருபிரசாத் இடுப்பைப் பிடித்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருக்க வேண்டும். "வேலை இல்லாதவங்கதாம்மா பயப்படுவாங்க" என்பாள்.

வலி கண்ட அன்று விடிந்ததிலிருந்து அவள் அஸ்வினியை விட்டு நகரவில்லை. என் மகள் அவள் தோளில் சாய்ந்து நடந்தாள், கத்தினாள், ஒரு தடவை கடித்தும் வைத்தாள். நான் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"அம்மா, உங்க வேலை என்னாச்சு? நீங்க முருகனக் கூப்புடுங்க, நான் மாதாவக் கூப்புடுறேன். யாரு முந்தி வாராங்கன்னு பாப்போம்" என்றாள் ஜெனிஷா.

அந்த வலியிலும் அஸ்வினி சிரித்துவிட்டாள். இரண்டு பேருமே வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. துடைத்து நேராக அவள் நெஞ்சில் கிடத்தினார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளியே சத்தம் கேட்டது. நல்லகாமன் அண்ணன் வெள்ளை வேட்டியும் கையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணமுமாக நின்றார். நர்சு மறித்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது ஐயா."

"எங்க வம்சத்துல சேனை வைக்காத பிள்ளை உண்டா? நீ தள்ளும்மா!"

உள்ளே அஸ்வினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தூக்கிட்டுப் போயிருவாகளாம்மா?" என்றாள்.

ஜெனிஷா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயாவுக்கு மட்டும் வேலை குடுக்க மறந்துட்டேனே!" என்று கதவைத் திறந்தாள்.

"வாங்க ஐயா. உங்களுக்காகத்தான் காத்துருக்கோம். கைய மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

சண்டைக்கு நின்ற மனிதர், தன்னை எதிர்பார்த்திருந்தார்கள் என்றதும் பேசாமல் போய்க் கழுவிவிட்டு வந்தார். ஜெனிஷா அஸ்வினியைக் கழுத்துவரை போர்த்திவிட்டிருந்தாள். அவர் கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஐயா, ஆறு மாசத்துக்குத் தாய் சாப்புடுறதுதான் பிள்ளைக்கு. இப்போதைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தான். அஸ்வினிக்கு வைங்க. பால்ல இறங்கி அவனுக்குப் போயிரும்."

"அது எப்படிம்மா? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"காலையில இருந்து அவ பல்லுல பச்சத்தண்ணி படல ஐயா. அம்புட்டு வலியும் அவதான் பட்டா. முதல் இனிப்பு அவளுக்கு வேணாமா?"

நல்லகாமன் அண்ணன் அப்போதுதான் என் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அவள் நாக்கில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அஸ்வினி நாக்கைச் சப்புக்கொட்டினாள். "இன்னுங் கொஞ்சம் குடுங்க மாமா."

கிண்ணத்தையே வாங்கிக் குடித்துவிட்டாள். அவர் வெடித்துச் சிரித்தார். "பேரனுக்கு என் குணம் வருதோ இல்லையோ, இவளுக்கு வந்துருச்சுன்னா குரு பாடு திண்டாட்டந்தேன்!"

அவர் வெளியே போனதும் போர்வைக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளை தானாக நகர்ந்து மார்பைப் பிடித்திருந்தான். அஸ்வினி என்னைப் பார்த்தாள். நான் கந்தனுக்குக் கை கூப்பினேன். ஜெனிஷா சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் வந்து போனாள். பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டுவாள். அஸ்வினி காரணமில்லாமல் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். "அழுதுரு. நான் எங்கயும் போகல" என்பாள்.

கடைசி நாளன்று ஸ்கூட்டரில் பந்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அஸ்வினி பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள்.

"இனி பால் பத்துதா பத்தலையான்னு யாருட்டக்கா கேப்பேன்?"

ஜெனிஷா பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். "இவங்கிட்டக் கேளு. இம்புட்டு நாளும் நானும் இவங்கிட்டத்தான் கேட்டுச் சொன்னேன். போறேன்."

"போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சிரித்தாள். "நான் திரும்ப வரணும்னா இவனுக்கு ஒரு தங்கச்சி வரணும்ப்பா. உங்க மககிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க, அப்ப வாரேன்!"