பீச் காப்ளரும் ஃபியூஸ் போட வந்தவரும்

'மிக எளிதான பீச் காப்ளர்' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் போட்டிருந்தது. பீச் பழத்தை நறுக்கி, வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்த மைதாவை மேலே போட்டுச் சுட வேண்டும், அவ்வளவுதான். அதை நம்பி, கணவரின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வரும் நாளில்தான் முதல்முறையாகச் செய்யத் துணிந்தேன். அவ்வளவு புத்திசாலி நான். ஓவனைப் போட்ட கால் மணி நேரத்தில் டெல்லியில் எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஃபியூஸ் போய்விட்டது.

சரிசெய்ய வந்தவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். எதையும் தொடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். சுவிட்ச் போர்டை முகர்ந்தார், பிளக்கை முகர்ந்தார், கடைசியில் என் காப்ளரையும் முகர்ந்தார்.

"ஒயர் கருகிடுச்சு, மேடம். ஓவனை இனி போடாதீங்க," என்றார் இந்தியில். "இதுல பழம்தான் வெந்திருக்கு. மாவு இன்னும் கச்சா."

"ஆறு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க, அண்ணா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கனமான கடாய்ல உப்பைக் கொட்டி, பாத்திரத்தை அதுமேல வச்சு மூடுங்க. சின்னத் தீ போதும். வாசனை ஹாலுக்கு வந்ததும் இறக்கிடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு இருக்கே, மேடம்."

அன்று மேலதிகாரியின் மனைவி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "நானே பழகிக்கொண்டதுதான்" என்று கூசாமல் சொன்னேன். ஃபியூஸ் போட வந்தவரை உட்காரவைத்து ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.