கேட்டவர்க்கெல்லாம் அச்சான முகம்

நான் வேலை பார்த்த நூல் மில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கதவை மூடியபோது, எனக்குக் கைவசம் இருந்த இன்னொரு வேலை படம் போடுவது மட்டும்தான். யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. ஆயுத பூஜைக்கு மில் சுவரில் சரஸ்வதி வரைவேன். யூனியன் கூட்டத்துக்குத் தட்டி எழுதுவேன். சிங்காநல்லூர் பக்கம் ஒரு லைன் வீட்டில் அம்மா, தங்கை, நான். அப்பா தவறிவிட்டிருந்தார். தங்கை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

முதலில் நானே முதலாளி ஆகிவிடலாம் என்று பார்த்தேன். கரும்பும் காளையும் சூரியனுமாகப் பொங்கல் வாழ்த்து வரைந்து, ஓர் அச்சகத்தில் கட்டுக்கட்டாக அடித்து வாங்கி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். வந்தவர்கள் சினிமா நட்சத்திரங்களின் படம் போட்ட வாழ்த்துகளைத் தேடிப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பொங்கல் முடிந்தது, கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. அடுத்த வருஷம் விற்கலாம் என்றால், ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் அந்த வருஷத்தை அழகாக அச்சிட்டு வைத்திருந்தேன். அம்மா அவற்றைப் பிரித்து அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். பருப்பு டப்பாவை எடுத்தால் அடியிலிருந்து காளை எட்டிப் பார்க்கும்.

அதனால்தான் டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் இருந்த பிரிண்டிங் கடைக்காரர் சொன்ன ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போனது. ஐம்பது தாண்டியவர், நகக்கண்ணில் எப்போதும் மை இருக்கும். கடைப்பை, காகித உறை, நோட்டீஸ், ஸ்டிக்கர் எல்லாம் அங்கே அடிப்பார்கள். மேஜைமேல் ஒரு தடித்த மாதிரி ஆல்பம் கிடந்தது.

"உங்க படத்த இதுல ஒட்டி வெச்சுருவமுங்க தம்பி. இதே மாதிரி ஆல்பம் ஈரோடு, பொள்ளாச்சி, கோபின்னு ஏஜெண்டுக எல்லார்த்துகிட்டயும் இருக்குதுங்க. கடைக்காரரு பொரட்டிப் பாத்து இது வேணும்னாருன்னா, அடியில அவரு கடைப் பேரப் போட்டு அடிச்சுக் குடுத்துருவோம். ஆர்டர் வந்தாத்தான் அடிப்போம். வராட்டி ஆருக்கும் நட்டமில்லீங்க. வந்தா, ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்களுக்கு ஒரு பங்கு."

"படம் ஆருகிட்டப் போகுதுன்னு நமக்குத் தெரியுமுங்களா?"

"அதத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறோம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டிலுக்கு அடியில் கட்டுகளை வைத்துக்கொண்டு படுத்தவனுக்கு அது தேவவாக்கு போல இருந்தது.

மயில், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம் என்று வரைந்து கொடுத்தேன். ஒன்றிரண்டு போயின. பிறகு கடைக்காரர், "பொம்பளப் புள்ள மொகம் ஒண்ணு போடுங்க தம்பி, துணிக்கடைக்காரங்க கேக்கறாங்க" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். தலைக்குக் குளித்து, பின்னலை முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் முறுக்கு வைத்துக் கடித்துக்கொண்டே இருந்ததால் தாடையைப் பிடிக்க முடியாமல் சத்தம் போட்டேன்.

"மூக்குத்திய உட்டுப்போடாதீங்ணா" என்றாள். "புதுசு."

படம் நன்றாக வந்தது. இன்றைக்கும் சொல்வேன், நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். லேசாகச் சாய்ந்த தலை, எதையோ கேட்டுச் சிரிக்கப்போகிற வாய். இரண்டே வண்ணத்தில் அச்சுக்கு ஏற்ற மாதிரி கோடுகளைக் குறைத்திருந்தேன். பார்த்த அம்மா, "சாமி, அப்படியே இருக்குது" என்று திருஷ்டி கழித்துப் போட்டாள்.

முதல் ஆர்டர் பொள்ளாச்சித் துணிக்கடை ஒன்றிலிருந்து வந்தது. தங்கை பார்த்தே தீரவேண்டும் என்றாள். இருவரும் பஸ் ஏறிப் போனோம். கடையில் ஒரு ரவிக்கைத் துண்டு வாங்கினாள்; விற்பனையில் நின்ற பெண் அவள் முகம் அச்சடித்த பையில் அதைப் போட்டு அவள் கையிலேயே கொடுத்தாள். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்து தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாள் அதே பையில் வெல்ல உருண்டைகளை வைத்து, கன்னம் பிதுங்கிய அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். "என்ற மூஞ்சி வீங்கிப்போனாட்ட இருக்குதுங்ணா" என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அது என் வாழ்க்கையின் நல்ல காலம். வேறொரு வேலையாக வால்பாறை போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மடியில் அந்தப் பையைக் கண்டேன். என் கால் படாத இடமெல்லாம் என் கோடு போய்ச் சேர்ந்திருந்தது. நான் ஒரு கடை வாசலில்கூட நிற்கவில்லை. ஒரு காகிதம்கூட வாங்கவில்லை. ஈரோட்டில் ஒரு குங்குமப் பொட்டலம், கோபியில் ஒரு இனிப்புக் கடை. எங்கே என்று கடைக்காரர் ஞாபகம் வரும்போது சொல்வார், மற்ற நேரம் சொல்லமாட்டார். நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் தங்கை இன்ஸ்டிடியூட்டிலிருந்து நேரத்தோடு திரும்பி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

மாதாமாதம் ஊர் ஊராக லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒரு பரம்பரை வைத்தியரின் நோட்டீஸ் அது. அந்த மாதிரி நோட்டீஸ்கள் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும்; ஆண்கள் படிக்காத மாதிரி நின்று படிப்பார்கள். ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறுகள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேலே, நடுவில், தலை சாய்த்து என் தங்கை. பக்கத்தில் 'இல்லறம் இனிக்க' என்று போட்டிருந்தது. அவள் சொல்லிக்கொடுக்கும் மெஷினில் யாரோ அதைச் செருகிவைத்திருக்கிறார்கள். அவள் வரும்வரை வகுப்பே அமைதியாக உட்கார்ந்திருந்ததாம்.

மறுநாள் காலையில் பிரிண்டிங் கடையில் நின்றேன். இது என் தங்கை என்று நோட்டீஸை நீட்டியதும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அய்யோ, நம்ம புள்ளைங்களா இது? நீங்க சொல்லவே இல்லீங்களே தம்பி. ஈரோட்டு ஏஜெண்டு எடுத்த ஆர்டருங்க இது. மருந்துக்காரருன்னுதான் சொன்னாப்ல."

"நிறுத்திப்போடுங்க. இனி எவனுக்கும் அடிக்காதீங்க."

அவர் அப்போதே ஆல்பத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிய்த்தார். அச்சுக்கு எடுத்த பிலிமையும் என் கண் முன்னால் வெட்டிப்போட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஏஜெண்டுகளுக்கெல்லாம் போன் செய்தார். ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, "சேலத்துப் பிரஸ்காரங்க ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டாங்களாமா. திண்டுக்கல்லுலயும் ஓடுதாமா. அவங்கள நான் எப்படீங்க தடுக்கறது?" என்றார்.

"படம் என்னுதுதானுங்களே?"

"உங்களுதுதானுங்க. ஆனா அதுல பேரு எங்கீங்க இருக்குது?"

பேர் போடக்கூடாது என்பது ஏற்பாட்டில் ஒன்று. பை அடிக்கக் கொடுக்கும் கடைக்காரர் எவரும் தன் பையில் இன்னொருவன் பேரை விரும்பமாட்டார்.

அந்த வைத்தியரையே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நோட்டீஸில் முகாம் விவரம் இருந்தது. ஈரோடு லாட்ஜின் மாடியில் ஓர் அறை. வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்தபடி ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் அவர்களோடு உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. எதிர்ச் சுவரில் தங்கை ஒட்டப்பட்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் என்னைத் தேற்றுகிற மாதிரி, "பயப்படாதீங்க தம்பி, நல்ல மருந்துங்க" என்றார்.

உள்ளே இருந்த வைத்தியர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை, தெற்கத்திக்காரர். திருநீறு பூசிய, சாந்தமான முகம். "உக்காருங்க தம்பி, கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார்.

இது என் தங்கை என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய்க்குள் அந்த வார்த்தை புரண்டது. வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்; கதவு பாதி திறந்திருந்தது. சொல்லிவிட்டால் அதுவரை வெறும் படமாக இருந்தவளுக்கு அந்த ஊரில் ஓர் அண்ணனும் ஒரு வீடும் முளைத்துவிடும். கடைசியில், "இந்தப் படத்த வரஞ்சவன் நானுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா! எவ்வளவு படம் காட்டுனாங்க தெரியுமா? மத்ததெல்லாம் சினிமாக்காரி மாதிரி இருந்துச்சு. இதுதான் குடும்பப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. பாத்தாலே நோயாளிக்கு ஒரு நம்பிக்கை வருது."

"இந்தப் படத்த எடுத்துப்போட முடியுமுங்களா?"

"ஏன் தம்பி?"

படம் சரியாக வரவில்லை, கோடு பிசகிவிட்டது என்று ஏதோ உளறினேன். அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டினார். மருந்து உறைகள், நோட்டீஸ்கள், எல்லாவற்றிலும் அவள். "இவ்வளவு அடிச்சாச்சே" என்றார். பிறகு யோசித்து, "ஒண்ணு செய்யுங்க. இதே பொண்ணு பக்கத்துல புருஷன் நிக்கிற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க. அடுத்த தடவ அதையே அடிச்சுக்கறேன். நேரா எங்கிட்டயே குடுங்க, நடுவுல ஆள் வேண்டாம்" என்றார். உண்மையிலேயே எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் கேட்டார். நான் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

ஊரில் தங்கையிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

அந்த வருஷமே கோபிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மஞ்சள் வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. காபி குடித்துக்கொண்டே அவருடைய மாமா மட்டும் தங்கையை உற்றுப் பார்த்தார்.

"அம்மணிய எங்கியோ பாத்தாப்ல இருக்குதுங்களே?"

"கல்யாணங் காச்சியில பாத்திருப்பீங்க" என்றாள் அம்மா.

"இல்லீங், அடிக்கடி பாத்தாப்ல இருக்குது..." என்று அவர் நெற்றியைத் தேய்த்தார். தங்கை காபித் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேச ஆரம்பித்தேன். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஞாபகம் வந்ததை நான் பார்த்தேன். முகம் சட்டென்று வேறாகிப்போனது. தெருவில் இறங்கி வேகமாக நடந்தார்.

தரகர் வந்து ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார். பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள் என்று அம்மா கேட்டாள். "மறுபடி பாத்தாங்களாமுங்க" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

ஒரு நாள் தங்கையின் மூக்கு வெறுமையாக இருந்தது. பின்னலைக் கொண்டையாக முடிந்திருந்தாள். இன்ஸ்டிடியூட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கத்தியிருந்தால், ஏன்டா வரைந்தாய் என்று அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ, "நீங்க என்ன பண்ணுவீங்கண்ணா, நாந்தான் உக்காந்தேன்" என்றாள்.

அந்தக் கடைக்கு நான் தொடர்ந்து வரைந்துகொண்டுதான் இருந்தேன். நிறுத்த முடியவில்லை, வேறு வேலை யார் கொடுத்தார்கள்? மயில், விளக்கு, பூங்கொத்து. மனித முகம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாகப் படம் கொண்டுவரும் பையன்கள் சிலர் இந்த ஏற்பாடு எப்படி என்று என்னிடம் கேட்பார்கள். கைமுதல் வேண்டாம், விற்காத சரக்கு வீட்டில் தேங்காது, நாம் தூங்கும்போதும் படம் ஊர் சுற்றும் என்று சொல்வேன். எல்லாம் உண்மைதான். போன படத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது என்றும் சொல்வேன். அதற்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நானும் அன்று அப்படித்தானே தலையாட்டினேன்.

தங்கைக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். மாப்பிள்ளை அந்த நோட்டீஸைப் பார்த்திருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் சொல்லாத மனிதர். பார்க்காதிருந்தால் நல்லதாகப் போயிற்று. பெண் குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வெளியே சாரல். குழந்தை பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, கன்னம் நசுங்கி, வாய் லேசாகத் திறந்து. என் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. பக்கத்தில் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று கிடந்தது. எதையும் நினைக்காமல் கை அதை எடுத்துவிட்டது. நெற்றிக் கோட்டை இழுக்க ஆரம்பித்திருந்தேன்.

சமையலறையிலிருந்து வந்த தங்கை என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குழந்தையை எழுப்பாமல் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குளுருதுங்ணா" என்றாள். "உள்ள படுக்க வெக்கறேன்."

உள்ளே போனவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். நான் பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டே வந்து, "எப்ப வந்தீங்க மச்சான், டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.