ஐந்தாம் நாள் மௌனம்

ஏழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் உள்ளுக்குள் விடுதலை கிடைத்துவிடும் என்று நம்பிய மடையன் நான். தொழில் கணக்கு வாத்தியார். பேசிப் பேசியே சோறு தின்கிறவன். நான் போடும் சத்தத்தில் அடுத்த கட்டடத்துப் பிள்ளைகளும் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்று ஒரு பெருமை வேறு.

போன வருடம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் தியான வகுப்பு நடந்தது. வெள்ளை வேட்டி கட்டிய குரு, “பேசுகிறவன் யார் என்று உள்ளே பார். பார்த்துவிட்டால் நீ விடுதலையானவன். பிறகு எல்லார் மீதும் அன்பு தானாகச் சுரக்கும்” என்றார். எனக்குப் புல்லரித்தது. மண்டபத்தில் நல்ல குளிர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி விடுமுறையில் ஏழு நாள் மௌனம் இருக்கப்போகிறேன் என்று அங்கேயே எழுந்து நின்று அறிவித்தேன். கைதட்டினார்கள். வினையே அந்தக் கைதட்டல்தான்.

நான் குடியிருப்பது மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அண்ணன் குடும்பத்தோடு, வரிசை வீடுகளான லயத்தில். அண்ணி கொழுந்து எடுக்கிறவர். என் விரதத்தைக் கேட்டதும், “ஏழு நாள்தானா தம்பி? பதினாலா இருந்துருங்களேன், காதுக்கு நல்லது” என்றார். இரண்டாம் நாள் நான் கொப்பியில் ‘தேத்தண்ணிக்குச் சீனி காணாது’ என்று எழுதி நீட்டினேன். அதை லயம் முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டு, “சாமிக்கு நாக்கு மட்டும் இன்னும் அடங்கல” என்றார்.

அண்ணிக்கு ஊரில் ஒரே ஒரு பகை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த காம்பராக்காரி. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடம் முதலில் என்று தொடங்கிய சண்டை. இரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. ‘இந்தச் சின்ன மனசுகளுக்கு எப்போது விடுதலை’ என்று நான் கண்ணை மூடிக்கொண்டு இரங்கியிருக்கிறேன். அவர்கள் இருந்தது இரண்டு வருட மௌனம். ஏழு நாளுக்கே கைதட்டல் வாங்கியவன் நான்.

ஐந்தாம் நாள் காலை, தேயிலை மலைக்கு மேலே உள்ள பாறையில் போய் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது எதிரே சவுக்கு மரத்தின் உச்சியில் பானை அளவுக்கு ஒரு குளவிக் கூடு தொங்கியது. அதே நேரம் பெண்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் அன்றைக்கு அந்த மலையைக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணியும் வந்தார். பத்து அடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த காம்பராக்காரியும் வந்தாள்.

நான் மரத்தின் உச்சியைக் கையால் காட்டினேன். இரண்டு தரம் காட்டினேன்.

“பாருங்கடி, எல்லாம் மேல இருக்கிறவன் பாத்துக்குவானாம்!” என்றாள் ஒருத்தி.

“சரிங்க சாமி!” என்று எல்லாரும் கும்பிட்டார்கள். அண்ணிதான் பெரிய கும்பிடு.

அவர்களுக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. இதைத்தான் நான் எங்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். ‘குளவி’ என்ற மூன்றெழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. இன்னும் இரண்டே நாள், விட்டுவிடாதே என்று உள்ளே ஒருவன் சொன்னான். பேசுகிறவன் யார் என்று அப்போது பார்த்திருக்கலாம். கைதட்டலுக்குக் காத்திருந்த நாய் அது. கொப்பி வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எழுதிக்கொண்டு வரலாம் என்றுகூடத் தோன்றியது. வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற ஞானியை யார் மதிப்பார்கள்? அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று மெதுவாக, அழகாக, நடந்து இறங்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நடைக்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து மணிபோல அலறல் கேட்டது. பருந்து ஒன்று கூட்டைக் கொத்தியிருக்கிறது. நான் ஓடினேன். ஐந்து நாள் மௌனத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த ஞானம் “ஐயோ” மட்டுந்தான். பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு தேயிலைக்குள் சுருண்டு கிடந்தார்கள். அண்ணியின் படங்கு அடுத்த காம்பராக்காரியின் தலையில் இருந்தது. அண்ணி வெறும் முதுகோடு அவள்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணிக்கு முகமென்று ஒன்று இல்லை. நினைவு தப்பியிருந்தது. பிழைப்பாரா என்று கேட்டதற்கு டொக்டர் அடுத்த கட்டிலைப் பார்க்கப் போனார்.

மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அங்கே வந்தார். விடுவேனா? “மனுசங்க உசுரு உங்களுக்குக் கொழுந்தவிட மலிவாப் போச்சா? மரத்துல கூடு தொங்குறது தெரியாம ஆள அனுப்புறீங்களே, கண்ணு இல்லையா?” என்று வராந்தா அதிரக் கத்தினேன்.

“சேர், கத்தாதீங்க. தெரிஞ்சிருந்தா அந்த மலையவே விட்டிருப்பேன். யாராச்சும் கூட்டக் கண்டீங்களான்னு பெரட்டுல நிதமும் கேக்குறேன். ஒருத்தரும் சொல்லலையே” என்றார் அவர்.

நீங்கள் கண்டீர்களா என்று அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் அண்ணியின் கட்டில் பக்கம் நழுவினேன்.

அன்று சாயங்காலம் குருவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “நடக்க வேண்டியது நடந்தது. நான் காரணம் என்று வருந்துவதும் அகந்தைதான். அதையும் விட்டுவிடு” என்றார். அரை மணி நேரம் அது இதமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு அண்ணியின் கையைப் பார்த்தேன். வீங்கின விரலில் மோதிரத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் ஒரே விடையை எழுதுகிற பிள்ளைக்கு நான் போடும் முட்டையையே குருவுக்கும் போட்டேன். எனக்கு அதுவும் இல்லை. நான் விடையே எழுதாதவன்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் அண்ணி ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்த காம்பராக்காரி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“உப்பே இல்ல.”

“கொட்டு வாங்குன வாய்க்கு ருசி ஒண்ணுதான் கொறச்சல். முழுங்கு.”

“பீலியிலயும் இப்பிடித்தானே அதிகாரம் பண்ணுன.”

“ஆமா, பண்ணுனேன். வாயத் தொற.”

அவள் பாத்திரம் கழுவப் போனதும் நான் கட்டில் அருகே போனேன். மண்டபத்துப் பைத்தியம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. “அண்ணி, அந்த நேரத்துல மனசுல என்ன இருந்துச்சு? உங்க உசுருன்னு ஒரு பயமே வரலையா?” என்று கேட்டேன்.

“என்னத்த இருக்கும்? அவ படங்கு முடிச்சு இறுகிக்கிச்சு, அவுக்க வரல. என்னுது அவுந்துருச்சு.”

அவ்வளவுதான். நான் மூன்று நாள் மண்டபத்திலும் ஐந்து நாள் மௌனத்திலும் தேடியதை இந்த மனுசி ஒரு முடிச்சை அவிழ்க்கிற நேரத்தில் செய்துவிட்டு, உப்பில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்குமேல் தாங்கவில்லை. கூட்டை நான் முதலிலேயே பார்த்ததை, கையைக் காட்டியதை, அவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இறங்கிப் போனதை, கண்டாக்கிடம் அதை மறைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். “என்னைய நாலு அறை அறைஞ்சிருங்க அண்ணி, இல்லாட்டி மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றேன்.

அண்ணி திறந்திருந்த அந்த ஒரு கண்ணை என் பக்கம் திருப்பினார்.

“பெரட்டுல போயிச் சொல்லுங்க.”