கூப்பிட்டால் வராத மோத்தி

தோழிகளே, அப்பா தூங்கிய பிறகு ஒளிந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குக் கொடுங்கள்.

என் நாய் மோத்தியை ஒரு மாதமாகக் கருவாடு கொடுத்துப் பழக்கினேன். "மோத்தி, ஆவோ!" என்றால் ஹேடோ ஜெட்டியில் படகுகளுக்கு நடுவே இருந்தால்கூட ஓடி வரும்.

இன்று அப்பா கூப்பிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வந்ததும், காலையில் செருப்பைக் கடித்ததற்காகப் பெல்ட்டால் அடித்தார்.

பிறகு நான் கூப்பிட்டேன். கருவாட்டைக் காட்டியும் கிட்டே வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒரே தடவ கூப்பிடுவேன். வரலேன்னா ஹேவ்லாக் தீவுக்குப் போற போட்டுல ஏத்தி அனுப்பிடுவேன், சம்ஜி? புரிஞ்சுதா?" என்றார் அப்பா.

"சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அப்பா கூப்பிட்டால் நானே கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். மோத்திக்கு நான் என்ன சொல்லித்தருவேன்?