லாகில் இல்லாத ஆள்

சீசன் வந்துவிட்டால் எங்கள் ஆபீசில் முதலில் நிரம்புவது லாக்தான். சர்வருக்கு என்ன கோரிக்கை வந்தது, எங்கே பிழை விழுந்தது என்பதெல்லாம் வரி வரியாகப் பதிவாகும் இடம் அது. தென்காசியில், குற்றாலம் ரோட்டு மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனி, லாட்ஜ் அறை பிடிக்கும் ஆப்பையும் ரத்தம் கேட்கும் ஆப்பையும் ஒரே சர்வரில் ஓட்டியது. சாரல் தொடங்கியதும் அருவிக்கு வருகிறவர்கள் தேதியையும் போன் நம்பரையும் தப்புத்தப்பாக அடித்து லாகை நிரப்பிவிடுவார்கள்.

“நம்ம சர்வர் படுத்தா மட்டும் எழுதட்டும். குளிக்க வாறவன் தப்பா அடிச்சதை எல்லாம் எதுக்குச் சேத்து வைக்கணும்?” என்றார் முதலாளி அண்ணாச்சி. ரத்த ஆப்பும் அதே சர்வர்தானே என்று நான் சண்டை போட்டேன். சண்டை போட்டது நான், ஜெயித்தது சம்பளம் கொடுப்பவர். தப்பாக அடித்தவை லாகில் விழுவது அன்றோடு நின்றது.

அந்தச் சீசனில்தான் கடையநல்லூர்க்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். துபாயில் வேலை. பிரசவத்தில் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போக, அங்கிருந்தபடியே எங்கள் ஆப்பில் ரத்தம் கேட்டிருக்கிறார். பதிந்துவிட்டேன், ஆள் வந்துவிடும் என்று மச்சான்மாருக்கும் சொல்லிவிட்டார். அவர்கள் அதை நம்பி ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அவர் ஊர் வந்து சேர்வதற்குள் மனைவி மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது.

மச்சான்மார் ஏற்கெனவே எங்களுக்குப் போன் செய்து கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி லாகைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

“நான் பொய் சொன்னேங்காங்க மேடம். பிள்ளையத் தூக்க விடமாட்டேங்காங்க. நான் கேட்டேன்னு ஒரு வார்த்தை எழுதித் தாங்க, போதும்.”

“லாக்ல இல்லாததை எப்படிய்யா எழுதித் தர?” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி தன் அறைக்குள் போய்விட்டார்.

அன்று அடித்ததை அப்படியே என் முன்னால் அடிக்கச் சொன்னேன். துபாய் நம்பரைப் போட்டு அனுப்பினார். போனில் பச்சையாக ‘நன்றி, உங்கள் கோரிக்கை பதிவானது’ என்று வந்தது. என் திரையில் ஒரு வரிகூட விழவில்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பத்து இலக்கம் இல்லாத நம்பரைச் சர்வர் வெளியே தள்ளிவிடுகிறது. ஆப்போ, சர்வர் என்ன சொல்கிறது என்று காதில் வாங்காமலேயே நன்றி சொல்கிறது. வீட்டுக்கு ஒருவர் துபாயில் கிடக்கிற இந்தப் பக்கத்தில், நம்பர் என்றால் பத்து இலக்கம்தான் என்று எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். அவன் அண்ணனே துபாயில்தான் இருக்கிறான்.

யாரையும் கேட்காமல், எல்லாவற்றையும் எழுதும்படி லாகைத் திறந்துவிட்டேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். இப்போது வரி விழுந்தது. அவர் நம்பர், மனைவியின் ரத்த வகை, கடைசியில் ‘நம்பர் தவறு, நிராகரிக்கப்பட்டது.’

“அன்னைக்கும் இதுதான் நடந்திருக்கு. நீங்க பொய் சொல்லல” என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

படம் பிடிக்கப் போனை உயர்த்தினார். பிறகு மெதுவாகக் கையை இறக்கிவிட்டார். வரியின் தொடக்கத்தில் அவர் எங்களிடம் வந்த நாளின் தேதி இருந்தது.

“அவ மௌத்தான பொறவு ரத்தம் கேட்ட மாதிரில்லா இருக்கு, மேடம்” என்றார்.