நாகஜோதியின் மஞ்சள் வண்டுகள்

நாகஜோதி பதினோரு வருஷம் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவளுக்கு, தானே வெள்ளாமை செய்து பார்க்க ரொம்ப நாள் ஆசை. போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, குன்னத்தூரில் கிட்டுசாமியின் நிலத்தில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து அரசாணி போட்டாள். கொங்குப் பக்கம் மஞ்சள் பூசணிக்கு அதுதான் பெயர்.

கொடி பூவெடுத்த சமயத்தில் சாம்பல் நோய் வந்தது. இலையெல்லாம் மாவு தூவியதுபோல வெளுத்தது. போதாததற்கு மஞ்சள் வண்டுகள் வேறு. இலையைத் தின்ன வந்தவை என்று நினைத்து முதல் நாளே இருபதுக்கு மேல் நசுக்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். வண்டு ஊர்ந்த இடத்தில் மாவு இல்லை, பச்சை தெரிந்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கிட்டுசாமி முதுகில் மருந்து டேங்கோடு வந்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, பூச்சிக்கும் நோவுக்கும் சேர்த்தே கலக்கிட்டு வந்துட்டேனுங்க. அடிச்சுப் போடலாம்."

"அடிச்சிராதீங்கண்ணே! இந்த வண்டு இலையத் திங்கல. சாம்பலைத்தான் திங்குது."

"நோவைத் திங்கற பூச்சியாக்கும்!" என்று சிரித்தாலும், டேங்கை இறக்கி வைத்தார்.

இலையோடு நாலு வண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி இந்துமதி திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"இது பொறிவண்டுல ஒரு வகைங்க. இந்தச் சாம்பல் பூஞ்சைதான் இதுக்குச் சாப்பாடு. பூச்சி மருந்து அடிச்சா இதுவும் செத்துப்போகும். ஆனா வண்டை மட்டுமே நம்பிட்டு இருக்காதீங்க" என்று, நோயை அடக்கும் பாக்டீரியாப் பொடி ஒரு பொட்டலமும் கொடுத்தார்.

நசுக்கியதை நினைத்து நாகஜோதிக்கு மனசே ஆறவில்லை. பொடியைக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தாள். மேற்கு ஓரத்து இரண்டு வரிசையைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றக் கொடிகளில் புது இலை பச்சையாகவே விரிந்தது, காயும் பிடித்தது.

முதல் காய் பறித்த அன்று கிட்டுசாமி தயங்கித் தயங்கி வந்தார். "ஊருக்கு அந்தப்பக்கம் இருக்கற என்ற பீர்க்கன் தோட்டத்துலயும் சாம்பல் புடிச்சிருச்சுங்கம்மிணி. அந்த வண்டு கொஞ்சம்..."

டப்பா நிறையப் பிடித்துக் கொடுத்தாள். வழியில் மூடி கழன்றுவிட்டது. டீக்கடையில் மொபட்டை நிறுத்தியபோது அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள் வண்டு. பக்கத்திலிருந்தவர் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

"தொட்டுப் போடாதீங்க!" என்று கத்திய கிட்டுசாமி, ஓட்டினால் காற்றில் வண்டு பறந்துவிடுமென்று, டீயும் குடிக்காமல் மொபட்டை உருட்டிக்கொண்டே நடந்து தோட்டம் போய்ச் சேர்ந்தார். கடைசி வண்டு பீர்க்கன் இலையில் இறங்கும்வரை மனுஷன் சட்டையைக் கழற்றவில்லை என்று அவர் மனைவி சாரதாமணி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.